நாலு பேரோடு ஏற வேண்டும்

ஆனி மாதம் முதல் தேதி காலையில் சுவாமிநாதன் சார் போன் செய்து, "சொர்ணம், வண்டிக்கு வேற இன்ஜின் போடணும். புதுசா, நன்னா பலமா" என்றார். என் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருடைய வண்டி ஒரு பழைய மோரிஸ் மைனர். எங்கள் ஆதம்பாக்கம் ஷெட்டில் மற்ற கார்களுக்கு நடுவே அது நின்றால், யாரோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போன மாதிரி இருக்கும். சார் எழுபதைத் தாண்டியவர். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர். லஸ் முனையில் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனால் கையைக் காட்டி "போப்பா, போ" என்று வழி விடுகிறவர். அவருக்கு எதற்குப் பலம்?

"இன்னா சார், பழைய இன்ஜின்ல எதுனா தகராறா? நல்லா தானே ஓடிக்கினு கீது?"

"ஓடறது. ஏற மாட்டேங்கறது" என்றார். போனை வைத்துவிட்டார்.

இந்த அபிராமபுரம் வீட்டு விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் குழம்பிய மாதிரி உங்களுக்கும் குழம்பும். அந்த வீட்டில் மாடியில் அண்ணன் சுவாமிநாதன், கீழே தம்பி ஸ்ரீகிருஷ்ணா. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. அப்பா விட்டுப்போன வீட்டை மாடி, கீழ் என்று பிரித்துக்கொண்டார்கள். காரை அப்படிப் பிரிக்க முடியாதே, அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். கோவிலில் பூஜை முறை இருக்கிறதே, அதே மாதிரி. சித்திரை அண்ணனுக்கு, வைகாசி தம்பிக்கு, ஆனி அண்ணனுக்கு, ஆடி தம்பிக்கு. மாதப்பிறப்பன்று காலையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஆணியில் சாவி தொங்கும். மாட்டியவர் முகத்தை எடுத்தவர் பார்ப்பதில்லை.

ஷெட்டில் எங்களுக்கும் அதுதான் சட்டம். எவருடைய மாதமோ அவர் சொல்வதுதான் செல்லும். ஒரு தடவை ஆவணியில் அண்ணன் ஹாரனை மாற்றச் சொன்னார். புரட்டாசி பிறந்ததும் தம்பி வந்து பழைய ஹாரனையே மாட்டச் சொன்னார். ஐப்பசியில் மறுபடி புதுசு. கடைசியில் இரண்டு ஹாரனையும் மாட்டி ஆளுக்கொரு சுவிட்சு வைத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு பேருமே ஹாரன் அடிப்பதில்லை. இப்படிப்பட்டவர்களிடம்தான் நான் மாரடிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, தலை முழுக்க நரைத்துவிட்டது. ஸ்பேனர் பிடிப்பது அவர், வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பது நான். இன்ஜின் விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் இடி வாங்கிய ஒரு புத்தம் புதுக் கார் ஷெட்டில் ஓரமாகக் கிடந்தது. அதன் இன்ஜினுக்குப் பொட்டுக் கீறல் இல்லை. பழைய மோரிஸ் இன்ஜினைப் போல இரண்டு பங்குக்கும் மேலே சக்தி.

"இத்தத் தூக்கி அதுல வச்சா இன்னா ஆவும் தெரியுமா?"

"இன்னா ஆவும்?"

"தெர்ல. அதான் வச்சிப் பாக்கணும்ன்றேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அனுமதி, பதிவு என்று ஆபீசுக்கு அலைந்தது நான். முன்பக்கச் சட்டத்தை வெட்டி, இன்ஜின் உட்காரத் தனியாகத் தாங்கி செய்து, கியர் பாக்ஸையும் பிரேக்கையும் மாற்றி, ரேடியேட்டருக்கு இடம் தேடிப் படாதபாடு பட்டது அவர். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனால், வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும்.

ஒரு நாள் பெரியவர் நேரில் வந்தார். சட்டம் வெட்டப்பட்டுக் கிடந்த வண்டியைப் பார்த்து, அடிபட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் நின்றார். நான் விடவில்லை.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. மயிலாப்பூர் குளத்தைச் சுத்திக்கினு வர்றதுக்கு இது எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு பேரை ஏத்திண்டு கோட்டூர்புரம் பாலம் ஏறணும், சொர்ணம்."

"நாலு பேரா? நீங்களும் நீரஜா மாமியும் ரெண்டு பேரு. மீதி?"

"கீழாத்துல ரெண்டு பேர் இருக்காளே."

அதற்கு மேல் நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். "அவன் ஏறிப்பானோ மாட்டானோ, தெரியாது. ஏறினான்னா, வண்டி ஏறணும்."

அதைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே எரிச்சலும் வந்தது. மாடிப்படி இறங்கிப் போய், "டேய், வாடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதற்குப் போய் ஒரு காரை அறுக்கச் சொல்கிறாரே! வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஆடி பிறந்தது. எனக்குப் பயம். இனி இது தம்பியின் மாதம். அவர் வந்து, "பழைய இன்ஜினையே மாட்டுங்கோ" என்றால் மாட்டித்தான் ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் அன்று காலையில் வண்டிமேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தார். மூடினால் தெரியாதாம்.

ஸ்ரீகிருஷ்ணா சார் மவுண்ட் ஸ்டேஷனில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தார்ப்பாயை ஒரு முனையில் தூக்கிப் பார்த்தார். உள்ளே கையை விட்டு இன்ஜினைத் தொட்டும் பார்த்தார்.

"அண்ணாவா பண்ணச் சொன்னார்?"

"ஆமா சார்" என்றேன். "நிறுத்தச் சொல்றீங்களா?"

"இல்லே. ஆரம்பிச்சதை முடிச்சிடுங்கோ." தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடிவிட்டு, "எதுக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது எங்கள் ஷெட்டில் நான் போட்டுக்கொண்ட விரதம். இல்லாவிட்டால் இந்த வீட்டு வண்டியைத் தொடவே முடியாது. "பாலம் ஏற மாட்டேங்குதாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. குடையை மடக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு நான் கேட்காமலே அந்தப் பழைய கதையைச் சொன்னார்.

அடையாறில் ஒரு கல்யாணம். நாலு பேரும் இந்த வண்டியில் போயிருக்கிறார்கள். அண்ணன் ஓட்ட, தம்பியும் அவர் மனைவி வைதேகி மாமியும் பின்சீட்டில். கோட்டூர்புரம் பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி, ஒரே ஹாரன். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு பேர் இறங்கினா ஏறிடும்" என்றிருக்கிறார். பட்டுப்புடவையோடு வைதேகி மாமியும் இவரும் இறங்கினார்கள். வண்டி ஏறியது.

"இறங்கச் சொன்னதுல எனக்கு வருத்தமில்லேம்மா. கார்னா நிக்கத்தான் செய்யும். மேல ஏறினப்புறம் எங்களுக்காக நிப்பார்னு பார்த்தோம். வேகவேகமா நடந்தோம். நிக்கவேயில்லே. போயிண்டே இருந்தார்." குடையின் பிடியைத் திருகினார். "வைதேகி அந்த பிளாட்பாரத்துலயே உக்காந்து அழுதா. ஆட்டோ பிடிச்சு ஆத்துக்கு வந்துட்டோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பாலத்தின் மேலே அரை நிமிஷம் நிற்காததற்காக இத்தனை வருஷம்! அண்ணனும் ஏன் நிற்கவில்லை என்று சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து மோதியிருப்பேன்.

ஆடி வயரிங்கில் போனது. ஆவணி முழுக்க வண்டி சூடேறாமல் இருக்க வேண்டுமே என்று போராடுவதில் போனது. ஆவணியில் முடிந்திருந்தால் அண்ணனே ஓட்டியிருப்பார். முடியவில்லை. புரட்டாசி முதல் தேதிதான் வண்டி வெளியே வரும் என்றாகிவிட்டது. அதைச் சொல்லப் பெரியவருக்குப் போன் போட்டேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால், "பரவாயில்லே, அவனே ஓட்டட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.

"அவர்கிட்ட யாரு சார் சொல்றது?"

"நீ சொல்லேன். புது இன்ஜின், நாலு பேரை ஏத்திப் பாரம் சோதிக்கணும்னு சொல்லு. ஷெட்டுல அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு சொல்லு."

எங்கள் ஷெட்டில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. ஆனாலும் தலையாட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. கிருஷ்ணா பயந்தான்னா பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டரை மிதிச்சுடுவான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இவ்வளவு பலம் அவனுக்கு ஆகாது. பெடல் பாதிக்கு மேல போகாதபடி ஏதாவது முட்டுக் குடுத்துடு. யார்கிட்டயும் சொல்லாதே. சின்னப்பையன்கிட்டகூட."

விரதம் விரதம்தானே. யாரிடமும் சொல்லவில்லை. வண்டி வெளியே போகிற அன்று காலையில் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பெடலுக்கு அடியில் நானே ஒரு போல்ட்டை முடுக்கினேன். இத்தனை வருஷம் ஷெட்டில் இருக்கிறேன், ஒரு போல்ட்டு போடத் தெரியாதா?

தம்பியிடம் பாரம் சோதிக்கிற கதையை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கணக்கு வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விடைத்தாளில் பிட்டு அடித்தவனைப் பார்க்கிற பார்வை.

"பாரம்தானே? வரோம்" என்றார்.

புரட்டாசி பிறந்தது. அபிராமபுரம் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஆணியிலிருந்து சாவி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அவர் அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். ஸ்ரீகிருஷ்ணா சார் வாங்கிக்கொண்டார். பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

வைதேகி மாமி பின்கதவைத் திறக்கப் போனார். நீரஜா மாமி அவர் கையைப் பிடித்து, "நீ முன்னாடி உக்காரு" என்றார். அவர்கள் இருவருக்கும் எப்போதும் பேச்சு உண்டு. புருஷன்மார் இல்லாத நேரத்தில். அண்ணனும் மன்னியும் பின்னால், தம்பியும் மனைவியும் முன்னால். காரின் நான்கு கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

நானும் வீட்டுக்காரரும் டூல்ஸ் பையோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தோம். தெருவுக்குள் வண்டி அழகாகப் போனது. மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சந்துகளில்கூட நெளிந்து வளைந்து போனது. "பாத்தியாமே, எப்டி போவுது!" என்று இவர் என் காதில் கத்தினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாலத்து ஏற்றம் வந்தது.

வண்டி பாதி ஏறியது. முனகியது. நடுங்கியது. நின்றேவிட்டது.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"தெர்லயே! ரெண்டு ஆனையை இழுக்கும் அந்த இன்ஜினு! இன்னா ஆச்சுன்னே தெர்லயே!" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெடலைப் பாதியாக்கினால் ஏற்றத்தில் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். நிற்கக் கூடாது. நின்றுவிட்டதே! அதே பாலம், அதே ஏற்றம், அதே நாலு பேர். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது. இதற்காகவா மூன்று மாதம் இந்த மனுஷன் அடியில் படுத்துக் கிடந்தார்? இப்போது யார் யாரை இறங்கச் சொல்லப் போகிறார்கள்?

பின்கதவு திறந்தது. சுவாமிநாதன் சார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுபக்கம் நீரஜா மாமியும் இறங்கினார். பெரியவர் முன் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"கிருஷ்ணா, நாங்க ரெண்டு பேரும் இறங்கிண்டுட்டோம். நீ எடுத்துண்டு போ." அவருக்கு மூச்சு வாங்கியது. "மேல ஏறினதும் நிக்காதே, என்ன? நின்னா அப்புறம் எடுக்காது. அன்னிக்கு அந்தப் பயத்துலதான் நான் போயிண்டே இருந்தேன். மண்டபத்துல உங்களை இறக்கி... இல்லே, நீரஜாவை இறக்கிட்டு, நான் ஆட்டோல திரும்பி வந்தேன்டா. நீங்க இல்லே."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்ரீகிருஷ்ணா சார் திரும்பவேயில்லை. வைதேகி மாமிதான் திரும்பினார். "வந்தேளா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் அந்த ஹாரன் சத்தத்தில் எனக்கு அது காதில் விழுந்தது.

"வந்தேனே. அந்தப் பிளாட்பாரம் முழுக்கத் தேடினேனே."

"ஏன் சொல்லலை?" என்று முன்சீட்டிலிருந்து வெடித்தது தம்பியின் குரல்.

"நீ கேட்டியாடா?"

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் நான் ஸ்பேனரோடு ஓடினேன். "சார், இறங்க வேணாம். தப்பு என்னுது. பெடலுக்குக் கீய ஒரு போல்ட்டு வச்சிகீறேன். பெரியவர்தான் வைக்கச் சொன்னாரு, நீங்க பயந்து மிதிச்சிடுவீங்கன்னு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "போல்ட்டா? நீயா? அப்போ நான் பண்ணது?"

"நீ இன்னாய்யா பண்ணே?"

"கம்ப்யூட்டர் வேலை பாக்குற ரெஹானைக் கூப்ட்டு, லேப்டாப்ப மாட்டி, இன்ஜினைப் பாதி சக்தில ஓட வச்சேன். சின்னவர்தான் ஆடில சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. உங்கிட்டகூட."

பாதியில் பாதி! பழைய இன்ஜினைவிட இது சோப்ளாங்கி ஆனதற்கு அதுதான் காரணம். நடுப்பாலத்தில் அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"நீ எதுக்குடா குறைக்கச் சொன்னே?"

"உனக்குச் சக்கரைல வலது கால்ல உணர்ச்சியே இல்லே. மிதிக்கறது உனக்குத் தெரியாது. ஐப்பசில நீதானே ஓட்டணும்?"

"கால் மரத்துப்போறது உனக்கு யாருடா சொன்னா?"

"மாடிப்படி இறங்கற சத்தம் கேக்கறதே. ஒரு கால் தேச்சுண்டு வரது. தெரியாதா எனக்கு?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் குனிந்து போல்ட்டைக் கழற்றினேன். அது கைநழுவிச் சாலையில் உருண்டு ஓடியது. எடுக்கவில்லை. போகட்டும், சனியன்.

"ஏறிக்கோங்க சார், இப்போ போவும்" என்றேன்.

"வேண்டாம். அவா போகட்டும், நாங்க நடந்து வரோம்" என்றார் பெரியவர். பிடிவாதமாக. தம்பியிடம் மறுபடி, "நிக்காதே" என்றார்.

ஸ்ரீகிருஷ்ணா சார் ஸ்டார்ட் செய்தார். மிதித்தார். அந்தக் குட்டி மோரிஸ் மைனர் உறுமிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் மேலே போனது. என் வீட்டுக்காரர், "டேய் டேய் டேய்" என்று கத்தினார், சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க்கொண்டே இருந்தால்? பெரியவர்தான் நிற்காதே என்று சொல்லியிருக்கிறாரே. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, சொன்னதைச் செய்துவிட்டால்?

பாலத்தின் உச்சியில் வண்டியின் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. வண்டி நின்றது. பின்னால் வந்த பேருந்து டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னென்னவோ திட்டினார்.

"நிக்காதேன்னேனே, முட்டாள்" என்றார் சுவாமிநாதன் சார். வாய் திட்டியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலது காலைத் தேய்த்துக்கொண்டே ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். நீரஜா மாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஸ்ரீகிருஷ்ணா சார் இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் வந்து சேர நேரமாயிற்று.